சேப்பாக்கம்: திடலும் அதன் சுற்றமும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அவ்வூர்க் கோயிலையும் பள்ளிவாசலையும் கோட்டையையும் சத்திரத்தையும் நாடிச் செல்வர். கல்வெட்டும் ஆவணமும் அவ்விடங்களிலேயே கிடைக்கும் என்பது அவர்தம் எண்ணம். விளையாட்டுத் திடல் ஒன்றும் ஓர் ஊரின் வரலாற்றைத் தன்னகத்தே பொதிந்து வைத்திருக்கக்கூடும் என்பது பலர்க்குத் தோன்றுவதில்லை. கல்லும் சுண்ணமுமாய் நிற்கும் கட்டடத்திற்கு நாம் தரும் மதிப்பைப் புல் பரந்த வெளிக்குத் தருவதில்லை என்பதே இதற்குக் காரணம் எனலாம்.

தமிழர்க்கு ஆடுகளம் புதியதன்று. ஏறு தழுவுவதற்கென அமைந்த தொழுவினை முல்லைக்கலி காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து மணற்பரப்பில் பரதவ இளைஞர் ஒருவரோடொருவர் மோதித் தம் வலிமையைக் காட்டிய களரியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஆடுவோர்க்குக் களமும், காண்போர்க்கு இடமும், இருசாரார்க்கும் பொதுவான விதியும் அமைந்த வெளியே அரங்கம் எனப்படும். இந்நாளில் தமிழகத்தில் அத்தகைய வரலாற்றுப் பெருமை வாய்ந்த வெட்டவெளி அரங்கம் எது என வினவின், சென்னைச் சேப்பாக்கத்தில் உள்ள எம்.ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கமே முதலில் நினைவுக்கு வரும்.

நீடாமங்கலத்தில் இருந்துகொண்டு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு திடலைப் பற்றி எழுதுவானேன் என்று மாணவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அத்திடலின் கதையில் நம் தஞ்சைத் தரணி இருமுறை குறுக்கிடுகிறது. ஒருமுறை நம் நெல்லின் பொருட்டு. மற்றொரு முறை நம் நீரின் பொருட்டு. அவ்விரண்டையும் அறியாமல் சேப்பாக்கத்தை முழுமையாக அறிந்ததாகாது.

பெயரும் இடமும்

'பாக்கம்' என்பது கடற்கரை ஊரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். புகார் நகரின் இரு பகுதிகளைப் பட்டினப்பாக்கம் என்றும் மருவூர்ப்பாக்கம் என்றும் சிலம்பு வழியே நாம் அறிவோம். சேப்பாக்கமும் அவ்வாறே கடலையொட்டிய ஊர். வடக்கே வாலாஜா சாலை, மேற்கே முன்னர் பெல்ஸ் சாலை எனப்பட்ட பாபு ஜெகஜீவன்ராம் சாலை, கிழக்கே பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றுக்கு இடையே அரங்கம் அமைந்துள்ளது. கால்வாயைக் கடந்தால் பழைய அரண்மனையும் பல்கலைக்கழகமும். அவற்றையும் கடந்தால் மெரினாக் கடற்கரை. ஒரு நாழிகை நடையில் சென்னையின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றையும் கண்டுவிடத்தக்க இடம் இது.

நவாபின் தோட்டம்

கருநாடக நவாபு முகம்மது அலி வாலாஜா 1768-ஆம் ஆண்டில் சேப்பாக்கத்தில் தமக்கென ஓர் அரண்மனையை எழுப்பினார். அரண்மனை வளாகம் 117 ஏக்கர் பரப்பினது. கலசமகால், உமாயூன் மகால் என அதற்கு இரு பகுதிகள் இருந்தன. இந்தோ-சாரசெனிக் எனப் பிற்காலத்தில் பெயர் பெற்ற கட்டடக் கலைப்பாணிக்கு இந்தியாவில் எழுந்த முன்னோடிகளுள் ஒன்றாக இதனை அறிஞர் கருதுவர். அரண்மனையைக் கட்டிய பொறியாளர் பால் பென்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் என்பது பரவலாக வழங்கும் செய்தி.

அந்தப் பென்ஃபீல்டின் பெயர் தஞ்சை வரலாற்றிலும் இடம்பெறுகிறது. 1773-இல் நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் தஞ்சையைக் கைப்பற்றின. மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார். மூன்றாண்டு கழித்து, இலண்டனிலிருந்து வந்த ஆணைப்படி, சென்னை ஆளுநர் பிகட் பிரபு 1776-இல் தஞ்சையை மீண்டும் மன்னரிடம் ஒப்படைத்தார். அப்போது பென்ஃபீல்டு ஒரு கோரிக்கையுடன் முன்வந்தார். தாம் நவாபுக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாகத் தஞ்சை நாட்டு வருவாய் தமக்கு எழுதித் தரப்பட்டுள்ளது என்றும், குடிகளுக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாக வயலில் நின்ற பயிர் தமக்கு உரியது என்றும் அவர் வாதிட்டார். அவர் கோரிய தொகை 2,34,000 பவுன். ஆளுநர் இதனை ஏற்கவில்லை. ஆலோசனை மன்றத்தில் பெரும்பான்மையினர் பென்ஃபீல்டின் பக்கம் சாய்ந்தனர். 1776 ஆகஸ்டில் ஆளுநரே சிறைப்பிடிக்கப்பட்டார். மறு ஆண்டு காவலில் இருந்தவாறே உயிர் துறந்தார். நவாபின் கடன்களைப் பற்றி 1785-இல் எட்மண்டு பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை ஆங்கில அரசியல் வரலாற்றில் புகழ்பெற்றது.

நம் முன்னோர் உழுது விளைவித்த நெல், அறுக்கப்படுமுன்னரே கடலோர நகரத்தில் கைமாறிப்போன கதை இது. நவாபின் மீது மட்டும் பழியைப் போடுவதும், கம்பெனியின் மீது மட்டும் போடுவதும் முழு உண்மையாகா. கடனை வாங்கியவரும் கொடுத்தவரும் இருவருமே, பயிரிட்டவனைக் கேளாமல் பயிரைப் பேசினர் என்பதே நாம் கருத வேண்டுவது.

1855-இல் நவாபு குலாம் கவுஸ்கான் பகதூர் ஆண் வாரிசு இன்றி மறைந்தார். வாரிசு இல்லா நாடு கம்பெனிக்கே என்னும் கொள்கைப்படி நவாபு பதவி ஒழிக்கப்பட்டது. அரண்மனை ஏலத்திற்கு வந்து 1859-இல் சென்னை அரசின் உடைமையாயிற்று. 1867-இல் அவர்தம் குடும்பத்தைச் சேர்ந்த ஆசிம் ஜா ஆற்காட்டு இளவரசராக ஏற்கப்பட்டார். இளவரசர் குடும்பம் 1876 முதல் இராயப்பேட்டையிலுள்ள அமீர் மகாலில் வாழ்ந்து வருகிறது. அரண்மனை அரசு அலுவலகமாயிற்று. தோட்டத்தின் ஒரு பகுதி கிரிக்கெட் திடலாயிற்று.

திடல் பிறந்த கதை

அலெக்சாண்டர் ஆர்பத்நாட் என்பவரால் 1846-இல் தொடங்கப்பட்ட சென்னை கிரிக்கெட் கழகம் முதலில் தீவுத்திடலில் ஆடி வந்தது. 1865-இல் சேப்பாக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே 'பெவிலியன்' எனப்படும் ஆட்டக்காரர் மண்டபம் எழுந்தது. அக்கழகம் நெடுங்காலம் ஐரோப்பியர்க்கே உரியதாக இருந்தது. அவர்களோடு ஆட வந்த இந்தியர்க்கு அம்மண்டபத்தில் இடமில்லை. மரநிழலே அவர்க்கு மண்டபம்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் புச்சி பாபு நாயுடு. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என இன்றும் போற்றப்படும் அவர், 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கழகத்தைத் தோற்றுவித்தார். இந்திய இளைஞர்க்கு மட்டையும் காலணியும் தந்து பயிற்சியும் அளித்தார். ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் ஒரே திடலில் சரிநிகராக மோத வேண்டும் என்பது அவர் கனவு. அப்போட்டிக்கான ஏற்பாடு கைகூடிய 1908-ஆம் ஆண்டின் இறுதியிலேயே அவர் மறைந்தார். எனினும் அவர் இட்ட வித்து முளைத்தது. 1915 முதல் அப்போட்டி பொங்கல் விழாவையொட்டி ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் நடைபெறலாயிற்று. மண்டபத்திற்குள் இடம் பெறாதவர்கள் களத்திற்குள் இடம் பெற்றனர். களத்தில் பெற்ற இடமே பின்னர் மண்டபத்தின் கதவையும் திறந்தது.

1934-ஆம் ஆண்டு இத்திடலுக்கு இருவகையில் சிறப்புடையது. அவ்வாண்டு பிப்ரவரியில் இங்கு முதல் டெஸ்ட் போட்டி நடைபெற்றது. டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணி, சி.கே. நாயுடு தலைமையிலான இந்திய அணியை 202 ஓட்டங்களில் வென்றது. தோல்வியிலும் அமர்சிங் 86 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் இரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம் இங்கேதான் தொடங்கியது. சென்னை அணியும் மைசூர் அணியும் மோதிய அவ்வாட்டத்தின் முதற்பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் நாட்டிற்காக ஆடிய பெருமை அவருக்கு உண்டு. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. பஞ்சாபிலிருந்து வந்து சென்னையில் வேரூன்றிய சீக்கியக் குடும்பத்தவர் ராம்சிங்; அவர்தம் மைந்தர் கிருபால்சிங், மில்கா சிங் இருவரும் பின்னாளில் இந்தியாவுக்காக டெஸ்ட் போட்டிகளில் ஆடினர்.

முதல் வெற்றி

இந்தியா டெஸ்ட் கிரிக்கெட்டில் அடியெடுத்து வைத்தது 1932-இல். அதன்பின் இருபதாண்டு, இருபத்துநான்கு போட்டிகள். ஒரு வெற்றியும் இல்லை. இருபத்தைந்தாம் போட்டி 1952 பிப்ரவரி 6-ஆம் நாள் சேப்பாக்கத்தில் தொடங்கியது. முதல் நாளன்று இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைந்த செய்தி வந்தது. மறுநாள் ஓய்வு நாளாக்கப்பட்டது. இங்கிலாந்து முதல் இன்னிங்சில் 266 ஓட்டங்கள் எடுத்தது. வினு மன்கட் 55 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளைக் கொய்தார். இந்திய அணியில் பங்கஜ் ராய் 111 ஓட்டங்களும் பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130 ஓட்டங்களும் எடுக்க, 9 விக்கெட்டுக்கு 457 ஓட்டங்களில் ஆட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. இரண்டாம் இன்னிங்சில் மன்கட்டும் குலாம் அகமதும் ஆளுக்கு 4 விக்கெட்டுகளைப் பகிர்ந்துகொள்ள, இங்கிலாந்து 183 ஓட்டங்களில் சுருண்டது. இந்தியா ஓர் இன்னிங்ஸ் 8 ஓட்டங்களில் வென்றது.

இங்கிலாந்தின் முன்னணி வீரர் பலர் அப்பயணத்தில் வரவில்லை என்பது உண்மையே. ஆயினும் விடுதலை பெற்று ஐந்தாண்டு நிறையாத நாட்டிற்கு அவ்வெற்றி எத்துணைப் பெரியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! அணித் தலைவர் விஜய் ஹசாரே கிறித்தவர், உம்ரிகர் பார்சி, குலாம் அகமது முஸ்லிம், மன்கட்டும் ராயும் இந்துக்கள். இவர் இன்ன சமயத்தவர் என்று பந்தும் மட்டையும் கேட்பதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கடனை ஆற்றினர். வெற்றி அனைவர்க்கும் பொதுவாயிற்று.

மண்ணும் காற்றும்

சேப்பாக்கம் சுழற்பந்து வீச்சாளர்க்கு உகந்த களம் என்பர். இதன் காரணத்தைக் காவிரிப் படுகையில் வாழும் நமக்கு எளிதில் விளக்கலாம். பந்து விழுந்து எழும் இடம் 22 கெஜ நீளமுள்ள ஒரு மண்பாத்தி. களிமண்ணை அடுக்கடுக்காக இட்டு, நீர் விட்டு, உருளையால் அழுத்தி, உலர்த்தி அதனைப் பதப்படுத்துவர். களிமண் ஈரத்தில் விரியும்; காய்ந்தால் சுருங்கும். சம்பா அறுவடை முடிந்தபின் நம் வயல்கள் வெயிலில் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? அதனாலன்றோ ஈரம் காயுமுன்னரே, கதிர் நிற்கும் வயலிலேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறோம். களத்தில் நிகழ்வதும் அதுவே. முதல் இரண்டு நாட்கள் கெட்டியாக இருக்கும் மண், ஐந்து நாள் வெயிலில் காய்ந்து மெல்லப் பிளக்கிறது. ஆட்டக்காரர் காலடி பட்டுப் பொடிகிறது. அந்தப் பிளவிலும் பொடியிலும் விழும் பந்து எத்திசையில் திரும்பும், எவ்வளவு எழும் என்று மட்டையாளரால் கணிக்க இயலுவதில்லை. சென்னைக் களத்தில் சிவப்பு மண் பாத்திகளும் கரிய மண் பாத்திகளும் உள்ளன. இரண்டின் தன்மையும் வேறு.

அடுத்தது காற்று. பகலில் நிலம் கடலினும் விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று வெம்மையால் மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. நண்பகலுக்குப்பின் வரும் இக்கடற்காற்றே சென்னை மக்களின் ஆறுதல். 2009-க்கும் 2011-க்கும் இடையே பார்வையாளர் மாடங்கள் மாற்றிக் கட்டப்பட்டபோது, மாடங்களுக்கிடையே இடைவெளி விட்டும், கனத்த கூரைக்கு மாறாகத் துணி போன்ற மெல்லிய கூரை வேய்ந்தும், காற்று உட்புக வழி செய்தனர். முற்றம் வைத்து வீடு கட்டிய நம் பெரியோர்க்கு இவ்வறிவு புதியதன்று.

மூன்றாவது மழை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னர், பொங்கலையொட்டிய நாட்களே இங்கு டெஸ்ட் போட்டிக்கு ஏற்ற காலமாக நெடுநாள் கருதப்பட்டது. 2004 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 229 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில், விக்கெட் இழப்பின்றி 19 ஓட்டங்களுடன் இந்தியா நின்றபோது, கடைசி நாள் முழுவதையும் மழை விழுங்கிவிட்டது. நடவுக்கு அருளாகும் மழை ஆட்டத்திற்கு இடையூறாயிற்று.

தோற்றவரும் வென்றவரும்

1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இங்கு மோதின. ஆஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ், புழுக்கத்தால் உடல் நலிந்து வாந்தியெடுத்தும் களம் விட்டு அகலாமல் 210 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டமிழந்தபின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். இறுதி நாளில் 348 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 347 ஓட்டங்களை எட்டியது. ஆட்டத்தின் கடைசிப் பந்துக்கு முந்தைய பந்தில் கடைசி மட்டையாளர் மணீந்தர் சிங் ஆட்டமிழந்தார். இரு அணியும் சமநிலை. டெஸ்ட் வரலாற்றில் அதற்குமுன் 1960-இல் பிரிஸ்பேனில் ஒருமுறை மட்டுமே அவ்வாறு நிகழ்ந்திருந்தது.

ஆயினும் சேப்பாக்கத்தின் உண்மையான பெருமை 1999 சனவரியில் வெளிப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப்பின் பாகிஸ்தான் அணி டெஸ்ட் போட்டிக்காக இந்தியாவுக்கு வந்திருந்தது. எதிர்ப்பாளர் சிலர் டெல்லித் திடலின் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தனர். அச்சம் சூழ்ந்த அந்நிலையில் முதல் டெஸ்ட் சென்னையில் நடைபெற்றது. 271 ஓட்டங்கள் என்னும் இலக்கை நோக்கிச் சென்ற இந்தியாவைச் சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்து வெற்றியின் வாயிலுக்கே அழைத்து வந்தார். அவர் வீழ்ந்தபின் மற்ற மூவரும் நான்கு ஓட்டங்களுக்குள் வீழ்ந்தனர். பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது.

சிறிது நேரம் திடலில் அமைதி நிலவியது. பின்னர் மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். வாசிம் அக்ரம் தலைமையில் பாகிஸ்தான் வீரர்கள் திடலைச் சுற்றி வந்து அப்பாராட்டை ஏற்றனர். அதற்கு இரண்டாண்டு முன்னரும், 1997 மே 21-இல், பாகிஸ்தானின் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ஓட்டங்கள் எடுத்து ஒருநாள் போட்டியில் அந்நாளைய உலகச் சாதனை படைத்தபோது இதே திடல் அவரைப் பாராட்டியிருந்தது. வென்ற அணிக்குத் தோரணம் கட்டுவது எங்கும் உள்ளதே. தம் அணி தோற்ற நாளில், வென்ற விருந்தினரை எழுந்து நின்று வாழ்த்துவதற்கு உள்ளம் பண்பட்டிருக்க வேண்டும். விருந்தோம்பலை அறத்துப்பாலில் தனி அதிகாரமாக வைத்த மொழிக்குரியோர் அப்பண்பைத் திடலிலும் காட்டினர்.

பிற சாதனைகளையும் சுருங்கச் சொல்லலாம். 1983 டிசம்பரில் சுனில் கவாஸ்கர் 236 ஓட்டங்கள் எடுத்துத் தம் முப்பதாவது டெஸ்ட் சதத்தால் பிராட்மனைக் கடந்தார். 1988 சனவரியில் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2001-இல் ஹர்பஜன் சிங் 15 விக்கெட்டுகள் எடுக்க, இந்தியா ஆஸ்திரேலியாவை 2 விக்கெட் வேறுபாட்டில் வென்றது. 2008-இல் வீரேந்திர சேவாக் 319 ஓட்டங்களும், 2016-இல் கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்களும் எடுத்தனர். 2024 சூன் இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான மகளிர் டெஸ்டில் ஷபாலி வர்மா 205 ஓட்டங்கள் எடுக்க, இந்திய மகளிர் 6 விக்கெட்டுக்கு 603 ஓட்டங்கள் குவித்துப் பத்து விக்கெட் வேறுபாட்டில் வென்றனர். ஒருகாலத்தில் இந்தியர்க்கே இடந்தராத திடலில் இந்தியப் பெண்கள் படைத்த சாதனை இது.

சுற்றியுள்ள காட்சிகள்

சேப்பாக்கம் செல்லும் மாணவர் ஆட்டத்தை மட்டும் கண்டு திரும்புதல் கூடாது. அரங்கிலிருந்து மேற்கே திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையை அடைந்தால் வாலாஜா பள்ளிவாசலைக் காணலாம். பெரிய பள்ளிவாசல் எனப்படும் இது, மறைந்த நவாபு முகம்மது அலி வாலாஜாவின் நினைவாக 1795-இல் அவர் குடும்பத்தாரால் சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டப்பெற்றது. பள்ளிவாசல் எழுந்த ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் சொற்றொடரை இயற்றியவர் இராஜா மக்கன்லால் கிராத் என்னும் இந்துப் பெரியார் என்பது ஈண்டுச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அவ்வரி கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் பள்ளிவாசலுக்குள் உள்ளது. இலக்னோவிலிருந்து வந்து தென்னகத்தில் அறிவொளி பரப்பிய மௌலானா அப்துல் அலீ பஹ்ருல் உலூம் இவ்வளாகத்தில் அடங்கியுள்ளார். அரசியல் நிர்ணய சபையில் தமிழின் பெருமையை எடுத்துரைத்த கண்ணியமிகு காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயீல் சாகிப் 1972-இல் மறைந்தபின் இங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

பள்ளிவாசலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பார்த்தசாரதி திருக்கோயில் உள்ளது. நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்றான இங்குப் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. அக்கோயிலுக்கு அருகில்தான் 1921-இல் மறைந்த மகாகவி பாரதியார் தம் இறுதி நாட்களைக் கழித்த இல்லம் இருக்கிறது. அது இன்று நினைவில்லமாக விளங்குகிறது.

அரங்கின் கிழக்கே பழைய அரண்மனை. இராபர்ட் சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் 1860-களிலும் அதன் பின்னரும் அதனோடு கோபுரமும் வருவாய் வாரியக் கட்டடமும் இணைத்தார். 1870-இல் நிறைவுற்ற மாநிலக் கல்லூரிக் கட்டடமும், 1879-இல் நிறைவுற்ற பல்கலைக்கழகப் பேரவை மண்டபமும் அவர் கைவண்ணமே. நவாபின் அரண்மனையைப் பார்த்து எழுந்த பாணியே நம் பல்கலைக்கழகத்தின் முகமாயிற்று. 2012 சனவரியில் கலசமகால் தீக்கிரையாகித் தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிர் நீத்தார். இடித்துத் தள்ளாமல் பழைய முறைப்படி சுண்ணம் கொண்டு அதனைச் செப்பனிட்டுள்ளனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கு இடம்பெற்றது.

கடற்கரைச் சாலையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பெற்ற சிலைகளைத் தமிழ் மாணவர் தவறாது காண வேண்டும். வள்ளுவர், ஔவை, கம்பர், இளங்கோ, பாரதி, பாரதிதாசன் ஆகியோருடன் கால்டுவெல், போப், வீரமாமுனிவர் ஆகிய அயல்நாட்டுத் தமிழறிஞரும் வரிசையில் நிற்கின்றனர். உழைப்பாளர் சிலை, அறிஞர் அண்ணா நினைவிடம், 1842-இல் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டு, 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் பெயர் பெற்ற விவேகானந்தர் இல்லம் ஆகியனவும் அண்மையிலேயே உள்ளன. 1995-இல் தொடங்கப்பட்ட பறக்கும் இரயிலில் வந்து சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கின், இவையனைத்தையும் கால்நடையாகவே கண்டு மகிழலாம்.

நீரின் குரல்

இனி, தஞ்சைத் தரணி இரண்டாம் முறை குறுக்கிட்ட செய்தி. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழகத்திற்குரிய நீர் 177.25 டி.எம்.சி. எனக் குறிக்கப்பட்டது. ஆறு வாரத்திற்குள் செயல்திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்றிருந்தும் கெடு கடந்தது, வாரியம் அமையவில்லை. தமிழகமெங்கும் போராட்டம் மூண்டது. அச்சமயத்தில், மூன்றாண்டுக்குப்பின் சென்னை அணி தன் சொந்தத் திடலில் ஐ.பி.எல். ஆட்டம் ஆட இருந்தது. உழவன் நீருக்கு அலையும்போது கேளிக்கை எதற்கு என்னும் கேள்வி எழுந்தது. ஏப்ரல் 10-ஆம் நாள் பலத்த காவலுக்கிடையே ஆட்டம் நடைபெற்றது. திடலுக்குள் காலணி வீசப்பட்டது. ஆட்டம் காண வந்தோர் சிலர் வழியில் தாக்கப்பட்டனர். எஞ்சிய ஆறு ஆட்டங்களும் புனே நகருக்கு மாற்றப்பட்டன. அவ்வாண்டு சூன் மாதத்தில் காவிரி மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை எவ்வாறு மதிப்பிடுவது? நம் கோரிக்கை நியாயமானது என்பதில் ஐயமில்லை. மேட்டூர் திறக்கும் நாளை எண்ணிக் குறுவைக்கு விதை எடுத்து வைப்பவனுக்கே அதன் அருமை தெரியும். தலைநகரின் காதில் நம் குரல் விழவேண்டும் என்றால், தலைநகரம் கூடும் இடத்தில்தான் அதனை எழுப்ப வேண்டும் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கி வந்த ஒருவனை வழிமறித்து அடிப்பதால் வெண்ணாற்றில் ஒரு துளி நீரும் கூடுவதில்லை. அவனும் நாம் விளைவித்த சோற்றை உண்பவனே. நமக்குத் துணையாக வரக்கூடியவனே. 1999-இல் மாற்றாரையும் வாழ்த்திய திடலில் 2018-இல் நம்மவரே நம்மவரை அடித்தது வருந்தத்தக்கது. அன்று பர்க் நாடாளுமன்றத்தில் சொல்லால் செய்ததை இன்று நாம் கையால் செய்ய முயலலாகாது. உரிமைக் குரல் ஓங்கி ஒலிக்கட்டும். அது தாழ்ந்த செயலால் தன் வலிமையை இழத்தல் வேண்டா.

நாம் செய்யத் தக்கது

சேப்பாக்கத் திடல் அமைந்த நிலம் அரசுக்குரியது. குத்தகை அடிப்படையிலேயே அங்கு ஆட்டம் நடைபெறுகிறது. நவாபின் தனித் தோட்டம், ஐரோப்பியரின் தனிக் கழகம் என இருந்தது, நூற்றைம்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் பொதுமக்களின் அரங்கமாயிற்று. பிற்காலத்தில் சில மாடங்கள் அனுமதிச் சிக்கலால் பல்லாண்டு பூட்டிக்கிடந்தன. பின்னர் அவை மீண்டும் திறக்கப்பட்டன. ஒரு வெளி பொதுவெளியாக மாறுவதற்கு நெடுங்காலம் வேண்டும். அது மீண்டும் சுருங்குவதற்கோ சில ஆண்டுகளே போதும் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

இப்பாடத்தை நம் ஊருக்கும் பொருத்திப் பார்க்கலாம். நீடாமங்கலம் இரயில் நிலையத்தில் நெல் மூட்டைகள் சரக்கு வண்டியில் ஏறுவதை நாள்தோறும் காண்கிறோம். நெல்லை நாட்டிற்கு அனுப்பும் நாம், நம் பிள்ளைகள் ஆடுவதற்கு எவ்வளவு இடம் விட்டுவைத்திருக்கிறோம்? அறுவடை முடிந்த வயலே பல ஊர்களில் திடல். அடுத்த நடவு வரும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. பள்ளி வளாகத்தில் எஞ்சிய வெளியும் புதிய கட்டடத்திற்கு இடமாகிவிடுகிறது. ஊர்ப் பெரியோரும் கல்வி நிறுவனத்தாரும் மனம் வைத்தால், பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு பொதுத் திடலையாவது காக்க முடியும். அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. அளந்து வேலியிட்டு, இது அனைவர்க்கும் உரியது என எழுதி வைத்தால் தொடக்கத்திற்குப் போதும். புச்சி பாபு நாயுடுவும் பெரிய அரங்கத்தைக் கட்டவில்லை. ஆட இடமின்றி நின்ற இளைஞர்க்கு மட்டையைக் கொடுத்து, வாருங்கள் என்று அழைத்தார். எஞ்சியவற்றைக் காலம் செய்தது.